ஒரு காஜா தள்ளி

“கத்திரியைக் கீழ வை, அண்ணா! சட்டையில கை வச்சா நடக்கறதே வேற!”

“உனக்கென்ன பைத்தியமாடி? கை விறைச்சுப் போயிடுத்து, வெட்டித்தான் எடுக்கணும். கீழ வேன்காரன் ஹார்ன் அடிச்சுண்டே இருக்கான்.”

பாலிகஞ்சில் அந்தக் கட்டடத்தின் மூன்று மாடிக்கும் கேட்டது. கேட்காதவர்களுக்கு எதிர்வீட்டு வத்சலா மாமி படியிறங்கிப் போய்ச் சொல்லிவிட்டு வந்தாள்: வைத்தியநாதன் காலமாகிக் கூடத்தில் கிடக்கிறார், குளிப்பாட்ட விடாமல் பெண் மல்லுக்கு நிற்கிறாள்.

மதுவந்திக்கு நிற்கவும் முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை. சமையலறைக்குப் போனாள், எதற்கென்று மறந்து திரும்பினாள். காலை ஏழு மணிக்கு அவள்தான் முதலில் பார்த்தது. அப்பா பிரம்பு நாற்காலியில், வெளியே போகிற வெள்ளைச் சட்டையோடு, தலை சாய்ந்து. வெள்ளிக்கிழமை, பயிற்சி நாள். டாக்ஸி வருவதென்னவோ பத்து மணிக்குத்தான்.

துறைமுகத்தில் முப்பது வருஷம் வரைபடம் போட்ட கை. பார்க்கின்சன் வந்தபின் ஆறு வருஷமாகக் காபியில் பாதி வேட்டிக்குத்தான். அதற்காகத்தான் இரண்டு வருஷமாக மதுவந்தி அவரை ஓர் ஆராய்ச்சிக்கூடத்துக்கு அழைத்துப் போனாள். தலையில் கண்ணை மறைக்கும் கவசம், கையில் ஒயர் வைத்த உறை. உள்ளே ஒரு சட்டை தெரியும். இல்லாத பொத்தானை இல்லாத காஜாவில் நுழைக்க வேண்டும், நுழைந்தால் மணி அடிக்கும். “இன்னிக்கு எண்பது மார்க், அங்கிள்!” என்பார் கருவியைக் கவனிக்கிற நரேன். அங்கே எண்பது, வீட்டில் அம்மா சுந்தரவல்லிதான் எல்லாப் பொத்தானையும் போட்டுவிட வேண்டும், தினமும் “ஆடாம நில்லுங்கோ” என்று அதட்டிக்கொண்டே. ஒருநாள் காபி டம்ளரை அந்தரத்தில் விட்டுவிட்டு, அது நிற்கும் என்று பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே நிற்கும்.

‘அப்பாவுக்கு வீடியோ கேம், பெண்ணுக்கு நரேன்’ என்று மாமி எப்போதோ முடிச்சுப் போட்டுவிட்டாள்.

“ரெண்டு வருஷம் பொம்மைச் சட்டைக்குப் பட்டன் போட வச்சே,” என்றான் அண்ணன் ராகவ். “என்ன கண்டே? மனுஷனை அலைக்கழிச்சதுதான் மிச்சம்.”

“இந்தச் சட்டையை அப்பாவே போட்டுண்டார். அதான் வெட்டாதேங்கறேன்.”

“அப்பாவாவது, போட்டுக்கறதாவது! அம்மா போட்டு விட்டிருப்பா.”

எல்லோரும் சுந்தரவல்லியைப் பார்த்தார்கள். சுவரோரம் உட்கார்ந்திருந்தவள் அந்தச் சட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மா தலையாட்டிவிட்டால் அந்த இரண்டு வருஷமும் போயிற்று.

“நான் போடலை,” என்றாள் சுந்தரவல்லி. “நான் போட்டா இப்படியா இருக்கும்? நன்னாப் பாரு.”

பார்த்தார்கள். கழுத்துப் பொத்தான் இரண்டாவது காஜாவில் இருந்தது. அங்கிருந்து கடைசிவரை எல்லாமே ஒரு காஜா தள்ளி. கீழே ஒரு பொத்தான் போக இடமில்லாமல் மிஞ்சியிருந்தது.

ராகவ் கத்திரியை ஜன்னலில் வைத்தான். மறுபடி ஹார்ன். வாசலில் காத்திருந்த சாஸ்திரிகள் கடிகாரத்தைப் பார்த்தார். மதுவந்தி மண்டியிட்டு முதல் பொத்தானை எடுத்தாள். இரண்டாவது நழுவியது. மறுபடியும் நழுவியது.

“ஆடாம எடு,” என்றாள் அம்மா.

கடைசிப் பொத்தானும் வந்ததும் ராகவ் யாரும் சொல்லாமலே அப்பாவின் தோளைத் தூக்கிப் பிடித்தான். கையை உருவ வெகுநேரமாயிற்று.

அடுத்த வருஷம் ராகவ் புனேவுக்கு மாற்றலாகி அம்மாவையும் அழைத்துக்கொண்டு போனான். நரேன் கூடவே வேலை பார்த்த பெங்காலிப் பெண்ணைக் கல்யாணம் பண்ணிக்கொண்டார். மாமிக்கு ஒரு வாரம் சாப்பாடு இறங்கவில்லை. மதுவந்தி முப்பத்தெட்டாவது வயதில், மனைவியை இழந்த ஒரு ரயில்வே எஞ்சினியரைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டு ஆற்றுக்கு அந்தப் பக்கம் சாந்த்ராகாச்சிக்குக் குடிபோனாள்.

புது வீட்டைப் பார்க்க வந்த மாமி அலமாரியைத் திறக்காமல் போவாளா? மதுவந்தி காபியோடு உள்ளே வந்தபோது, ஹேங்கரில் தொங்கிய வெள்ளைச் சட்டையின் மேல் மாமியின் விரல் இருந்தது.

“பட்டனெல்லாம் தப்பாப் போட்டு வச்சிருக்கியேடி.”

“இருக்கட்டும் மாமி.”

மாமி விரலை எடுத்துக்கொண்டாள். மின்விசிறிக் காற்றில், கீழே மிஞ்சிய அந்த ஒரு பொத்தான் மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.