பெரிய டயர் போட்ட மாதம்

மருமகனைத் திட்ட முடியாது. அதனால் டயர்க்கடை போய்ச் சேரும்வரை அவருடைய ஜீப்பைத் திட்டிக்கொண்டே போனேன். நன்றாக இருந்த டயரைக் கழற்றிவிட்டு, யானைக்குப் போடுகிற அளவில் நான்கு டயர் மாட்டி வைத்திருக்கிறார். ஏறி உட்கார எனக்கு ஒரு ஏணி வேண்டும். அதோடு விட்டாரா? இரண்டு வாரமாகச் சாப்பிட உட்காரும்போதெல்லாம் ஒரே புலம்பல்.

"பன்னெண்டு கொடுத்துக்கிட்டிருந்த வண்டி அத்தை. இப்போ பத்தரைக்கு மேல ஏற மாட்டேங்குது."

எனக்குத் தெரியாத விஷயமா? பூமிக்குள் என்ன தாது கிடக்கிறது என்று துளை போட்டுப் பார்க்கிற கம்பெனியில் பதினெட்டு வருஷம் வண்டிகளைப் பார்த்துக்கொண்டவள் நான். ஒன்பது ஜீப், ஒன்பது டிரைவர். எந்த ஜீப் லிட்டருக்கு எவ்வளவு ஓடியது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.

"கூரை மேல அந்தக் கம்பிக் கூடை எதுக்கு மாப்பிள்ளை? காத்தெல்லாம் அதுல வந்து முட்டுது. கழட்டி வைங்க," என்றேன். "டயர்ல காத்து இருக்கான்னு பாருங்க," என்றேன். "ஏசியைப் போட்டுட்டு, நின்ன இடத்துலயே அரை மணி நேரம் போன் பேசினா மைலேஜ் எங்கேருந்து வரும்?" என்றும் கேட்டேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். நல்ல பிள்ளை, ஒன்றையும் காதில் வாங்கவில்லை.

டயர்க்கடைக்காரர் ஜீப்பை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். மருமகனின் புலம்பலைக் கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"வண்டி ஒழுங்காத்தான் இருக்கு தம்பி. மீட்டர்தான் பொய் சொல்லுது. சக்கரம் எத்தனை சுத்து சுத்துச்சுன்னுதான் அதுக்குத் தெரியும். சக்கரம் பெருசாயிடுச்சுன்னு யார் போய் அதுகிட்ட சொன்னா? இப்போ ஒவ்வொரு சுத்துக்கும் வண்டி கூடுதலா போகுது. மீட்டர் பழைய தூரத்தையே காட்டிக்கிட்டிருக்கு."

"நாப்பத்தெட்டு கிலோமீட்டர் போனா, மீட்டர்ல நாப்பத்திரெண்டுன்னு காட்டுமா?" என்று கேட்டேன்.

"இந்த அளவு டயருக்கு ஏறக்குறைய அப்படித்தாம்மா காட்டும்."

"அப்போ நம்ம வண்டி இன்னமும் பன்னெண்டுதான் கொடுக்குதா!" என்று மருமகனுக்கு ஒரே குஷி. நான் அங்கே கிடந்த ஒரு பழைய டயரின் மேல் உட்கார்ந்துவிட்டேன்.

இருபத்தாறு வருஷத்துக்கு முன்னால் ஒரு மனிதரை எல்லா டிரைவர்கள் முன்னாலும் நிறுத்திவைத்து, "ஆறு கிலோமீட்டர் எங்க போச்சு?" என்று கேட்டேன். அவர் வேறு யாருமில்லை, என் அக்கா புருஷன். அதற்கடுத்த மாதமே வண்டி ஓட்டுவதை விட்டவர் இன்றுவரை ஸ்டியரிங்கைத் தொடவில்லை. எழுபத்தொரு வயதாகிறது. அவர் மேல் தப்பே இல்லை என்பது எனக்கு இப்போதுதான், இந்த டயர்க்கடையில்தான் தெரிகிறது. அதை அவரிடம் இன்றைக்கே சொல்லியாக வேண்டும்.

"மாப்பிள்ளை, என்னை அக்கா வீட்டுல இறக்கி விட்டுடுங்க," என்றேன்.

"இப்பவா? மார்க்கெட் போகணும்னீங்களே?"

"மார்க்கெட் எங்கேயும் ஓடிடாது. வண்டியை எடுங்க."

வழியெல்லாம் அந்த ஷெட்தான் கண்ணுக்குள் வந்தது. டின் கூரை, ஒரு மூலையில் டீசல் பீப்பாய், கையால் சுற்றுகிற பம்பு, பக்கத்தில் என் மேசை. டீசலும் செம்மண் புழுதியும் கலந்து ஒரு வாசனை வரும். இன்றைக்கும் எங்கேயாவது அது மூக்கில் ஏறினால் எனக்கு இருபத்தெட்டு வயசாகிவிடும். சாயங்காலம் ஜீப்புகள் ஒவ்வொன்றாக வந்து நிற்கும். டேங்க் வாய்வரை தளும்ப நிரப்புவோம். எவ்வளவு ஊற்றினோமோ, அவ்வளவு அன்றைக்குக் குடித்திருக்கிறது. மீட்டர் காட்டுகிற தூரத்தை அதால் வகுத்தால் தீர்ந்தது. மாதக் கடைசியில் கரும்பலகையில் ஒன்பது பேருடைய எண்ணையும் எழுதுவேன். முதலில் வருகிறவருக்கு ஷெட்டுக்குள் நிழலில் வண்டி நிறுத்துகிற இடம். மற்ற எட்டுப் பேரும் வெயிலில் நிறுத்த வேண்டியதுதான். அந்த ஒரு நிழலுக்கு என்ன அடிதடி, என்ன கெஞ்சல்!

நிழல் பெரும்பாலும் அத்தானுக்குத்தான். அவரை எல்லோரும் 'பூனை' என்பார்கள். வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. செருப்பைக் கழற்றி சீட்டுக்கு அடியில் வைத்துவிட்டு வெறுங்காலோடுதான் ஓட்டுவார். மேட்டை எதிரே பார்த்ததுமே வண்டிக்குக் கொஞ்சம் வேகம் கொடுத்துவிடுவார். பள்ளம் வருகிறது என்றால் அதற்கு வெகு முன்னாலேயே காலை எடுத்துவிடுவார். "பிரேக் போடுறதும் டீசலைக் கீழே கொட்டுறதும் ஒண்ணுதான் சின்னு," என்பார். சின்னு என்றால் நான்தான், வீட்டில் சின்னவள். நான்கு சக்கரமும் சேர்ந்து இழுக்கிற கியரை மணலில் இறங்கினால் மட்டும் போடுவார். மணல் தாண்டியதும் மறக்காமல் எடுத்துவிடுவார். மற்றவர்கள் மறந்துபோய் ஷெட் வரைக்கும் அதிலேயே உறுமிக்கொண்டு வருவார்கள். இன்ஜினியர்கள் துளை போடும் இடத்தில் இறங்கினால் அத்தான் இன்ஜினை அணைத்துவிடுவார். ராக்கெட் என்று ஒருவன் இருந்தான். அவன் வண்டியை ஓடவிட்டுப் பாட்டுக் கேட்பான். அவன் எண் ஏழைத் தாண்டியதே இல்லை. அத்தான் ஒரு மாதம் பத்து புள்ளி நாலு எடுத்தார். ஷெட்டின் உச்சம் அதுதான்.

அப்போதுதான் அவருடைய ஜீப்புக்கு மட்டும், சேற்றில் புதைகிறதா பார்ப்போம் என்று பெரிய டயர் மாட்டினார்கள். மாட்டிய மெக்கானிக்குக்கு என் கரும்பலகையைப் பற்றி என்ன கவலை? அந்த மாதம் அத்தானுக்கு ஒன்பது புள்ளி நாலு. பெரிய டயர் கொஞ்சம் கூடுதலாகக் குடிக்கும் என்று லிட்டருக்கு அரை கிலோமீட்டர் விட்டுக்கொடுத்துப் பார்த்தேன். அப்படியும் இடித்தது. அதைவிட இன்னொன்றுதான் என் கண்ணை உறுத்தியது. துளை போடும் இடத்துக்குப் போய்த் திரும்ப எல்லோருக்கும் நாற்பத்தெட்டு கிலோமீட்டர். அவருக்கு மட்டும் தினமும் நாற்பத்திரண்டு.

குறுக்கு வழி கண்டுபிடித்துவிட்டார் என்று நினைத்தேன். கல்லிலும் முள்ளிலும் புகுந்து வருகிறார், அதனால்தான் வண்டி இப்படிக் குடிக்கிறது என்று நானே ஒரு கதை கட்டிக்கொண்டேன்.

"ஆறு கிலோமீட்டர் எங்க போச்சு அத்தான்?"

"அதே வழியிலதான் போனேன் சின்னு."

"அதே வழின்னா ஆறு கிலோமீட்டரைப் பூமி முழுங்கிடுச்சா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், அதுதான் கொடுமை. எனக்கு அந்த வேலையை வாங்கிக்கொடுத்ததே அவர்தான். சொந்தக்காரர் என்று விட்டுக்கொடுத்தால் நாலு பேர் என்ன பேசுவார்கள் என்ற பயத்தில், வேறு யாரிடமும் காட்டாத கண்டிப்பை அவரிடம் காட்டினேன். அன்றைக்கு அதை நேர்மை என்று நினைத்தேன், என் புத்தியைச் செருப்பால் அடிக்க.

அடுத்த மாதம் பெரிய டயர் சரிப்படவில்லை என்று கழற்றிவிட்டார்கள். கோளாறு வண்டியிலா ஆளிலா என்று பார்க்க ஜீப்பை வேறொரு டிரைவரிடம் கொடுத்தோம். சுமாராக ஓட்டுகிறவன்தான். அவன் கையில் அது ஒன்பதரை கொடுத்தது. கரும்பலகையில் நான்தான் எழுதினேன். அத்தான் அதைப் பார்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் நின்றார். "என் காலுக்கு வயசாயிடுச்சு போல," என்று சொல்லிவிட்டு, தண்ணீர் பம்பு அறைக்கு மாற்றம் கேட்டு வாங்கிக்கொண்டார். அப்போது அவருக்கு நாற்பத்தைந்து. அக்கா மூன்று மாதம் என்னோடு பேசவில்லை. அத்தான் மட்டும் எப்போதும்போல, "சாப்டியா சின்னு?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகு எங்கே போவதானாலும் பஸ்தான். சொந்த மகன் கார் வாங்கியபோதுகூடப் பின் சீட்டில்தான் போய் உட்கார்ந்தார்.

மருமகன் என்னை வாசலில் இறக்கிவிட்டுப் போனார். அத்தான் முன் அறையில் மேசைமேல் போர்வையை விரித்துச் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். அக்கா கதவருகே வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"என்னடி, சொல்லாம கொள்ளாம வந்து நிக்கிறே? முகம் ஏன் இப்படி இருக்கு?" என்றாள்.

செருப்பைக்கூடக் கழற்றாமல் எல்லாவற்றையும் கொட்டினேன். டயர், சுற்று, மீட்டர், நாற்பத்தெட்டு, நாற்பத்திரண்டு. "நீங்க போனது அதே வழிதான் அத்தான். பொய் சொன்னது மீட்டர். என்னை மன்னிச்சிடுங்க."

அக்கா கத்தியைத் தட்டில் போட்டாள். "இருபத்தாறு வருஷம் கழிச்சு வந்து சொல்றியேடி பாவி! ஒரு மனுஷனை உயிரோட மூலையில உக்கார வச்சுட்டு..."

"இரு, இரு," என்று அத்தான் அவளைக் கையமர்த்தினார். இஸ்திரிப் பெட்டியை அணைத்து நிமிர்த்தி வைத்தார். போர்வையின் மேல் விரலால் ஏதோ எழுதினார்.

"நாப்பத்தெட்டை நாப்பத்திரெண்டுன்னு காட்டுச்சுன்னா, எட்டை ஏழுன்னு காட்டியிருக்கு. ஒன்பது புள்ளி நாலை ஏழால வகுத்து எட்டால பெருக்கணும். சரியா?"

அந்த எண்ணை நான் அவருக்கு ஞாபகப்படுத்தவில்லை. அவரே வைத்திருந்தார்.

விரல் நின்றது. மறுபடி முதலிலிருந்து போட்டுப் பார்த்தார்.

"பத்து புள்ளி ஏழு," என்றார்.

வழியெல்லாம் எனக்கு இருந்த நினைப்பு, அவரும் மற்றவர்களைப் போல நன்றாகத்தான் ஓட்டியிருக்கிறார் என்பதோடு நின்றுபோயிருந்தது. வகுத்துப் பார்க்கத் தோன்றவே இல்லை. அந்த ஷெட்டில் யாரும் பத்து புள்ளி ஏழைத் தொட்டதில்லை, அவர் உட்பட. அதுவும் அந்தக் கனத்த டயரை உருட்டிக்கொண்டு.

அத்தான் நாற்காலியில் உட்கார்ந்தார். தன் பாதங்களையே குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்குத் தெரிஞ்சுது சின்னு. அந்த மாசம் வண்டி எனக்கு அப்படி வசப்பட்டுச்சு. இவ்வளவு நல்லா நான் ஓட்டினதே இல்லைன்னு தினமும் நினைச்சுக்கிட்டே வருவேன். பலகையில நீ என்ன எழுதப் போறேன்னு ஆசையா இருந்தேன்."

"அப்போ ஏன் அத்தான் நீங்க சண்டை போடல? என்னை நாலு வார்த்தை கேட்டிருக்கலாமே!"

"எப்படிக் கேக்கிறது? நீதான் கணக்குல தப்பே பண்ண மாட்டியே. அதனால என் கால்தான் என்னை ஏமாத்துதுன்னு நினைச்சுட்டேன்."

குத்திக்காட்டிச் சொல்லவில்லை அவர். கொழுந்தியாளின் கெட்டிக்காரத்தனத்தை அப்போதும் அவர் பெருமையாகத்தான் சொன்னார். நான் வாய்விட்டு அழுதேன்.