நாலு புள்ளி நாலு

பிராங்ளின் அலுவலகத்துக்குள் வந்ததும் கூலிங் கிளாஸைக் கழற்றி மேசைமேல் வைத்தான். பிக்கட்டியில் நான்கு நாளாகச் சூரியனை யாரும் பார்க்கவில்லை. முற்றத்தில் அடுக்கியிருந்த கேரட் மூட்டைகளே கண்ணுக்குத் தெரியாத பனிமூட்டத்தில் இந்தக் கண்ணாடி யாருக்காக என்று ஜோவிதாவுக்குப் புரியவில்லை. புரிந்துகொள்ள முயலும் அளவுக்கு அவனை அவள் மதித்ததும் இல்லை. முதலாளி சுவிசேஷமுத்துவின் மனைவிக்குத் தம்பி என்பதைத் தவிர வேறு எந்தத் தகுதியையும் அவனிடம் அவள் கண்டதில்லை. அந்தத் தகுதிக்குத்தான் கம்பெனியின் இரண்டாவது புது லாரி அவன் கைக்குப் போயிருந்தது. வாசலில் நிறுத்திவிட்டு எஞ்சினை அணைக்காமலே வந்திருந்தான். டீ குடித்து முடிக்கும்வரை அது அங்கேயே உறுமிக்கொண்டிருக்கும். குளிரில் அணைத்தால் திரும்ப ஸ்டார்ட் ஆகாது என்று அவனுக்கு யாரோ சொல்லியிருந்தார்கள். புது லாரிக்கு அப்படியெல்லாம் கிடையாது என்று எடுத்துச் சொல்ல ஆளில்லை.

பிக்கட்டி வட்டாரத்துக் கேரட்டையும் முட்டைக்கோஸையும் குன்னூர் வழியாக மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறக்குவது கம்பெனியின் தொழில். மேட்டுப்பாளையத்து பங்க்கில் ஒவ்வொரு தடவையும் டேங்கை முழுக்க நிரப்பிக்கொண்டு வண்டி மலையேறும். ஓடிய கிலோமீட்டரை ஊற்றிய லிட்டரால் வகுத்து, மாதக் கடைசியில் வண்டிக்கொரு நோட்டில் எழுதி, டிரைவரிடம் கையெழுத்து வாங்குவது ஜோவிதாவின் வேலை. பிராங்ளினின் முதல் மாதத்துக்கு அவள் வகுத்துப் பார்த்தாள். தப்பாகப் போட்டுவிட்டோமோ என்று இன்னொரு தடவையும் வகுத்தாள்.

“நாலு புள்ளி ஒண்ணுங்க சார்” என்றாள்.

சுவிசேஷமுத்து போனிலிருந்து தலையை எடுக்கவில்லை. “புது வண்டில்லம்மா. எஞ்சின் டைட்டா இருக்கும். ஓட ஓடத்தான் எளகும்.”

ஜோவிதாவின் கையில் சிவப்புப் பேனா மூடி திறந்தபடி இருந்தது. இதே அறையில், இதே மேசைக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு, எட்டு மாதத்துக்கு முன்னால் முதல் புது லாரியை ஓட்டிய சுடலை சொன்னதும் இதுதான். “எஞ்சின் டைட்டா இருக்குதுங்க. ஓட ஓடத்தான் எளகும்.” ஒரு வார்த்தை கூடக் கிடையாது, குறையவும் கிடையாது. அன்றைக்கு முதலாளி சிரித்தார். ஜோவிதாவும் சிரித்தாள். இன்றைக்கு அவர் வேதவாக்கைப்போல அதைச் சொல்லிவிட்டு மீண்டும் போனுக்குள் போய்விட்டார். மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்பார்கள். இங்கே உடைத்தது மச்சினன். அவள் பேனாவை மூடி வைத்தாள்.

டீசல் திருடும் டிரைவரைப் பிடிக்க அவள் கண்டுபிடித்த வழிதான் அந்தச் சிவப்புப் பேனா. நாலரைக்குக் கீழே போனால் எண்ணைச் சுற்றி ஒரு சிவப்பு வட்டம். தொடர்ந்து மூன்று வட்டம் விழுந்தால் டிரைவர் சாவியைக் கொடுத்துவிட்டுப் போகவேண்டும். முதல் புது லாரி வந்த புதிதில் இந்தச் சட்டத்தை அவள்தான் எழுதிக் காட்டினாள். “ஜோவிதாவ ஏமாத்த ஒருத்தன் பொறந்துதான் வரணும்” என்று சுவிசேஷமுத்து மண்டிக்காரர்களிடமெல்லாம் பெருமை பேசினார். ஷோரூம்காரன் லிட்டருக்கு ஆறு கிலோமீட்டர் கொடுக்கும் என்று சொல்லிக் கொடுத்த வண்டி அது. ஷோரூம்காரன் எந்த ஊர்ச் சமதளத்தில் ஓட்டிப் பார்த்துச் சொன்னான் என்று யாரும் கேட்கவில்லை. சரக்கோடு இறங்கும் வண்டி, பாதி நாள் கோழி எருவோடு மலையேறும் என்பதையும் யாரும் கணக்கில் எடுக்கவில்லை. சுடலை ஓட்டிய முதல் மாதம் நாலு புள்ளி ஒன்று. அடுத்தது நாலு புள்ளி இரண்டு. மூன்றாவது நாலு புள்ளி நாலு. மூன்று வட்டம். முதல் இரண்டுக்கும் கையெழுத்துப் போட்ட சுடலை, மூன்றாவதுக்குப் போடவில்லை.

“இதுல கை வெச்சா நான் ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிருமுங்க மேடம்” என்றான். சாவியை மேசைமேல் வைத்தான். நோட்டில் அந்தக் கையெழுத்துக்கான இடம் இன்னும் காலியாகத்தான் கிடக்கிறது.

டிரைவர்கள் என்றாலே ஜோவிதாவுக்கு இளக்காரம். அதற்கு அவள் அப்பா சகாயம்தான் காரணம். எஸ்டேட் லாரி ஓட்டிய மனுஷன். ஊட்டி காந்தல் வீட்டுக் கட்டிலுக்கு அடியில், அண்டாவுக்குப் பின்னால், ஐந்து லிட்டர் டீசல் கேன் எப்போதும் இருக்கும். அந்த வீட்டில் தலையணை டீசல் மணத்தது, போர்வை டீசல் மணத்தது. சின்ன வயதில் முதல் நற்கருணையாகப் புது நன்மை வாங்கிய அன்றைக்குப் போட்டிருந்த வெள்ளைக் கவுனும் டீசல் மணத்தது. கோயிலில் பக்கத்தில் நின்ற பிள்ளைகள் ஓர் அடி தள்ளி நின்றதை நாற்பது வயதிலும் அவள் மறக்கவில்லை. பிறகு எஸ்டேட்டில் கையும் களவுமாகப் பிடித்தார்கள். அப்பா வெட்கப்படக்கூட இல்லை, எல்லாரும் செய்யறதுதானே என்றார். செத்த பிறகும் அவரை அவள் மன்னிக்கவில்லை. அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. ஸ்டியரிங் பிடித்த எல்லாரையும் அவர் கணக்கிலேயே எழுதிவிட்டாள்.

இதில் இன்னொன்றும் உண்டு. அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. இரண்டாவது வட்டம் போட்ட வாரம் சுடலை தன் ஸ்வெட்டரை அலுவலக நாற்காலியில் மறந்துவிட்டுப் போயிருந்தான். அறையில் யாரும் இல்லாத நேரம் பார்த்து அவள் அதை எடுத்து முகர்ந்தாள். கைப்பட்டியை, கழுத்தை, அக்குளைக்கூட விடவில்லை. வேர்வையும் பீடியும் ஈரக் கேரட் மண்ணும்தான் இருந்தன. டீசல் உறிஞ்சி எடுப்பவன் துணியில் எத்தனை சோப்புப் போட்டாலும் அந்த வாடை போகாது என்று அவளைவிட நன்றாக அறிந்தவர்கள் நீலகிரியிலேயே கிடையாது. ஆனாலும் ஸ்வெட்டரைத் திரும்ப நாற்காலியில் போட்டுவிட்டு, ‘கெட்டிக்காரத் திருடன்’ என்று முடிவு செய்துகொண்டாள்.

சுடலைக்குப் பிறகு அந்த வண்டியை ரிஜோ எடுத்தான். முதல் மாதமே நாலு புள்ளி ஆறு. அடுத்தது நாலு புள்ளி எட்டு. அப்படியே ஏறி ஐந்தைத் தாண்டியது. “பாத்தியா, திருடன் போனதும் வண்டி பேசுது” என்றார் முதலாளி. ஜோவிதாவுக்கு அப்போது உச்சி குளிர்ந்தது. இப்போது அந்தப் பழைய நோட்டை எடுத்துப் பார்த்தால் பேரைத் தவிர வேறெதுவும் சட்டென்று மாறவில்லை. சுடலை கையில் ஏற ஆரம்பித்தது ரிஜோ கையிலும் அதே நிதானத்தில் ஏறிக்கொண்டே போயிருந்தது. திருடன் போனதும் குதித்திருக்க வேண்டிய எண், படி ஏறும் கிழவியைப்போல ஒவ்வொன்றாக ஏறியிருந்தது. வகுத்தல் தெரிந்த ஒரு பொம்பளை, ஏறுமுகம் எது என்று தெரியாமல் எட்டு மாதம் உட்கார்ந்திருந்தாள். தன்மேல் இப்படி ஓர் அருவருப்பு வரும் என்று அவள் நினைத்ததே இல்லை.

பிராங்ளினின் இரண்டாவது மாதம் நாலு புள்ளி இரண்டு வந்தது. வரும் என்று அவளுக்குத் தெரியும்.

“சார், சுடலை ஓட்டுனப்பவும் இதேதான் வந்துது” என்றாள்.

“அதுக்கு?” என்றார் சுவிசேஷமுத்து. “அவன் வேற, நம்ம பிராங்ளின் வேற. அந்தக் கதையெல்லாம் இப்ப எதுக்கும்மா?”

அந்த ஞாயிற்றுக்கிழமை காந்தலில் பூசை முடிந்ததும் அவள் வீட்டுக்குப் போகவில்லை. பழைய நோட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஊட்டி மார்க்கெட்டுக்குப் போனாள். சுடலை அங்கே மூட்டை தூக்குவதாகக் கேள்விப்பட்டிருந்தாள். முட்டைக்கோஸ் இறக்கிக்கொண்டிருந்த ஒருவனிடம் சுடலை எங்கே என்று கேட்டாள்.

“யாருங்க, டீசலா?” என்றான் அவன். “டேய், டீசலத் தேடி ஒரு அக்கா வந்திருக்குது பாரு!”

நாலு பக்கமும் சிரித்தார்கள். வேலை போனதிலிருந்து அந்த ஆளுக்கு ஊர் வைத்திருக்கும் பெயர் அது. அவளுடைய சிவப்புப் பேனா வைத்த பெயர். மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிவரை ஒரு மண்டியிலும் அவனுக்கு யாரும் ஸ்டியரிங் கொடுக்காததற்கு அந்தப் பெயர் போதும்.

சுடலை ஒரு கடை ஓரத்தில் சாக்கை மடித்துத் தலைக்குப் போட்டுக்கொண்டு நின்றான். ஆள் இளைத்திருந்தான். அவளைப் பார்த்து அவன் கோபப்படவில்லை, வணக்கமும் சொல்லவில்லை. அவள் நோட்டைத் திறந்து நீட்டினாள். அவன் அதை வாங்காமல், “இப்ப எவ்வளவு குடுக்குதுங்க?” என்று மட்டும் கேட்டான்.

“அஞ்சு புள்ளி மூணு.”

அவன் முகத்தில் ஒரு விநாடி பழைய களை வந்தது. “நல்ல வண்டிங்க அது” என்றான். “இன்னுங் கொஞ்சம் ஏறும். அப்புறம் நின்னுக்கும். டயர்ல காத்துக் கொறைஞ்சு, ஃபில்டர் அடைச்சு, ஒருத்தனும் பாக்கலைன்னா எறங்க ஆரம்பிக்கும். அன்னிக்கும் வண்டிய நீங்க பாக்க மாட்டீங்க. டிரைவரத்தான் பாப்பீங்க.”

“பிராங்ளின் வண்டியும் உங்க கணக்குலயேதான் வருது. நான் எழுதுனது தப்புங்க. முதலாளிகிட்டச் சொல்றேன். உங்களத் திரும்பக் கூப்பிடச் சொல்றேன்.”

“அங்க சொல்ல வேண்டியத இங்க எதுக்குங்க மேடம் சொல்றீங்க?” சுடலை குனிந்து ஒரு மூட்டையின் காதைப் பிடித்தான். “என்கிட்டச் சொன்னா உங்களுக்கு ராத்திரி தூக்கம் வரும். எனக்கு என்ன வரும்? எம்பேரு கெட்டது அந்த நோட்டுலதானுங்க. மூணாவது எடம் இன்னும் காலியாத்தான கெடக்குது?”

மூட்டை தலைக்கு ஏறியது. அவன் திரும்பிப் பார்க்காமல் போனான். அவள் பூசைக்கு உடுத்திய பட்டுச் சேலையில் சேறு தெறித்ததுதான் மிச்சம். இத்தனை வருஷமாகத் தான் எல்லாரையும் பார்த்த பார்வை எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்தது. சுடலை அவளை அப்படித்தான் பார்த்திருந்தான்.

மூன்றாவது மாதக் கடைசி. பிராங்ளின் வந்தான், கூலிங் கிளாஸைக் கழற்றினான், டீக்குச் சொன்னான். வெளியே வண்டி உறுமிக்கொண்டிருந்தது. ஜோவிதா வகுத்தாள். நாலு புள்ளி நாலு. பிறகு சிவப்புப் பேனாவைத் திறந்து, அவன் பேருக்கு நேரே இருந்த மூன்று எண்களையும் வரிசையாக வட்டமிட்டாள். பீரோவிலிருந்து பழைய நோட்டை எடுத்து, சுடலையின் பக்கத்தைத் திறந்து அதற்கு அருகில் வைத்தாள். இரண்டு நோட்டையும் அவர்கள் பக்கம் திருப்பினாள்.

“கையெழுத்துப் போடுங்க” என்றாள் பிராங்ளினிடம். “போட்டுட்டுச் சாவியக் குடுங்க.”

அவன் சிரித்தான். பிறகு சிரிப்பு நின்று, “என்ன மச்சான் இது?” என்று சுவிசேஷமுத்துவைப் பார்த்தான்.

“ஜோவிதா, என்னம்மா வெளையாட்டு இது?”

“வெளையாட்டு இல்லைங்க சார். மூணு வட்டம் விழுந்தா சாவி. நம்ம ரூலு.”

“நான்தான் சொன்னேனே, புது வண்டி…”

“அதேதான் சுடலையும் சொன்னாரு. அப்ப நாம ரெண்டு பேரும் சிரிச்சோம்.” அவள் சுடலையின் காலி இடத்தில் விரலை வைத்தாள். “இது திருட்டுன்னா இவரு போகணும். இல்லைன்னா, அந்தக் காலி எடத்துல, சுடலை திருடலைன்னு எழுதி நீங்க கையெழுத்துப் போடணும். அதை நான் மேட்டுப்பாளையம் மண்டியில கொண்டுபோய் எல்லார்த்துக்கும் காட்டுவேன். ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க சார்.”

சுவிசேஷமுத்து முதல்முறையாகப் போனைக் கீழே வைத்தார். “உனக்கு இங்க வேலை இருக்கிறது யாராலேன்னு நெனப்பிருக்கா?”

“இருக்குதுங்க சார்” என்றாள். இந்த வேலையை விட்டால் காந்தலில் அவள் வீட்டு அடுப்பு எரிய வேறு வழி இல்லை. அவர் முகத்தைப் பார்த்தாள். பார்க்க அங்கே பெரிதாக ஒன்றும் இல்லை என்று தோன்றியது. சிவப்புப் பேனாவை இரண்டு நோட்டுக்கும் நடுவில் வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டாள்.

டீ வந்தது. யாரும் எடுக்கவில்லை. பேனாவையும் யாரும் எடுக்கவில்லை. ஒருவர் மற்றவரைப் பார்ப்பதும் சன்னலைப் பார்ப்பதுமாக மச்சானும் மச்சினனும் உட்கார்ந்திருந்தார்கள். சன்னலுக்கு வெளியே ஒன்றும் தெரியவில்லை. பனிக்குள் எங்கேயோ, பிராங்ளின் அணைக்காமல் விட்டு வந்த புது லாரி, ஓர் அடிகூட நகராமல் டீசலைக் குடித்துக்கொண்டிருந்தது.