மூன்று துவக்குகளும் ஒரு தோளும்

கிறிஸ்தோப்பர் அன்றைக்கு ஜாக்கெட்டை இடக்கையாலேயே கழற்றினார். வலக்கைப் பழக்கமுள்ள மனிதர் இடக்கையால் ஜிப்பை இழுத்து, தோளைக் குலுக்கிக் குலுக்கி அதைத் தள்ளிவிட்டால் எந்த மனைவியின் கண்ணுக்குத்தான் படாது? யோசெப்பின் குசினியிலிருந்தே பார்த்துவிட்டாள். துடைத்த அடுப்பையே மறுபடி துடைத்தாள். மூடியிருந்த சோற்றுப்பானையைத் திறந்து பார்த்து மூடினாள். லாசாலில் அந்த மூன்றாம் மாடி வீட்டுக்கு அன்றுதான் ஹீட்டர் போட்டிருந்தார்கள். கோடை முழுக்கப் படிந்திருந்த தூசி கருகி மணத்தது. அந்த மணம் வேறு அவளை ஓரிடத்தில் நிற்க விடவில்லை.

"ஷேட்டைக் கழட்டுங்கோ," என்றாள் கடைசியில்.

"சாப்பிட முன்னமோ?"

"பகிடியை விடுங்கோ. கழட்டுங்கோ."

அவர் கழற்றினார். நீலமும் ஊதாவுமாக ஒரு கண்டல். அவள் நிறத்தை மட்டுந்தான் கண்டாள். அதற்குள் கை தானாகப் போய் யன்னல் சீலையை இழுத்து மூடிவிட்டது. பிறகு கொடியில் கிடந்த துவாயை எடுத்து அவருடைய தோளைப் போர்த்தினாள். வெளியே மொன்றியலின் பனிக்கு முந்திய மழை. எதிர்க் கட்டடத்தில் யாரோ தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவ்வளவுதான்.

"யோசெப்பின், இஞ்சை ஆர் வந்து பாக்கப் போறான்?" என்று கேட்டார் கிறிஸ்தோப்பர், மெல்ல.

அவளுக்கும் அது தெரியும். ஆனால் தெரிந்துகொள்வது வேறு, கை சொல் கேட்பது வேறு அல்லவா. மன்னாரில் ஆமியின் சுற்றிவளைப்பு வந்தால் ஆண்களைக் கோயில் வளவில் வரிசையாக நிற்பாட்டி, ஷேட்டைக் கழற்றச் சொல்லுவார்கள். தோளில் குறி இருந்தால் துவக்குச் சுட்டவன். அது ஊர் முழுக்க அறிந்த கணக்கு. அதனால் பெண்கள் தங்கள் வீட்டு ஆண்களின் தோளைக் குளிக்கும்போது பார்ப்பார்கள், எண்ணெய் தேய்ப்பார்கள், சின்னக் கீறலுக்கும் பதறுவார்கள். யோசெப்பினின் தம்பி லம்பேட் கரையிலிருந்து லொறிவரை காவுதடியில் மீன்கூடை சுமந்தவன். தடி அழுத்தி அழுத்தி அவன் தோள் காய்த்துக் கறுத்திருந்தது. வரிசையில் ஒரு ஆமிக்காரன் அந்தக் காய்ப்பில் விரலை வைத்தான். லம்பேட்டைக் கொண்டுபோனார்கள். பிறகு வந்து சேர்ந்தது ஒன்றுமில்லை. ஆமிக்காரன் பிழையாக விளங்கிக்கொண்டுவிட்டான், காவுதடிக் காய்ப்பைத் துவக்கின் குறி என்று நினைத்துவிட்டான் என்று ஊர் சொன்னது. பங்குச் சுவாமியும் அதையே சொன்னார். யோசெப்பினும் அதைப் பிடித்துக்கொண்டுதான் இத்தனை வருசமும் செபமாலை உருட்டினாள். பிழைவிட்டவனை மன்னிக்கலாம் என்பது அவளுடைய கணக்கு.

கிறிஸ்தோப்பர் துவாய்க்குள்ளிருந்தபடியே கதையை எடுத்துவிட்டார். புவாண்ட்-கிளேர் களஞ்சியத்தில் அவருடன் வேலை செய்யும் றெஜான் ஒவ்வொரு நவம்பரும் கூட்டாளிகளோடு மான் வேட்டைக்குப் போகிறவன். இந்த முறை நீயும் வா என்று கேட்டிருக்கிறான். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து மத்தியானச் சாப்பாட்டு மேசையில் அந்த வேட்டைக் கதைகளுக்குப் பக்கத்தில் பேசாமல் இருந்து சாப்பிட்டவருக்கு அது சின்ன விசயமா?

"மூண்டு துவக்கு வைச்சிருக்கிறான். மூண்டும் பாரம் குறைஞ்சது, காட்டுக்கை கொண்டு திரியலாம். ஆனா பாரம் குறையக் குறைய உதை கூடும். எது எனக்குத் தோது எண்டு பாக்கத்தான் போனனான்."

"இது எது செய்த வேலை?"

"ரூ ஃபோட்டி த்றீ. மூண்டிலையும் சின்னக் குண்டு அதுக்குத்தான்." அவருக்கே வெட்கமாக இருந்தது. "சோங்கிலை றப்பர் இல்லை, வெறும் பிளாஸ்ரிக். மற்ற ரெண்டையும் இன்னும் பாக்கேல்லை."

சோங்கு என்றால் தோளில் ஊன்றும் கட்டை. அந்தச் சொல்லை அவர் இவ்வளவு சாதாரணமாகச் சொன்னதுதான் அவளை உலுப்பியது.

"குறி விழாத துவக்கு இருந்தால் போங்கோ. இல்லையெண்டால் போகேலாது."

"அதை எப்பிடியப்பா சொல்லுறது?"

"நான் வாறன். என்ரை தோளிலை வைச்சுப் பாக்கிறன்."

அடுத்த சனிக்கிழமை, நகரத்துக்கு வெளியே சோளம் வெட்டிய வயல்களுக்குப் பின்னாலிருந்த சுடுமைதானத்துக்கு றெஜானின் பிக்கப்பில் போனார்கள். றெஜான் பெரிய தாடிக்காரன், நல்ல மனுசன். "உதைக்கிற உதையில் மதாம் ஒன்டாரியோவுக்குப் பறந்துபோனால் நான் பொறுப்பில்லை" என்று அவன் சொன்னதைக் கிறிஸ்தோப்பர் மொழிபெயர்த்தார். அவள் சிரிக்கவில்லை. காதுமூடியை மாட்டிக்கொண்டு வாங்குப் பலகையில் இருந்தாள். றெஜான் அவள் கையைத் தொடாமல், தன் தோளில் விரலால் காட்டி, சோங்கை எங்கே ஊன்ற வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தான்.

ரூ ஃபோட்டி த்றீ கன்னத்தில் அறைந்ததுபோலச் சுருக்கென்று அடித்தது. அடுத்தது செவன் எம்எம். அதற்குப் பெரிய குண்டு, ஆனால் சோங்கில் தடித்த றப்பர். மெத்ரோ திடீரென்று நிற்கும்போது எதிரே நிற்பவர் நம்மேல் சாய்ந்து விழுவாரே, அப்படி ஒரு தள்ளல், அவ்வளவுதான். மூன்றாவதான த்றீ ஓ எயிற், காற்றில் அறைந்து மூடிய கதவு. ஒவ்வொன்றையும் திரும்பத் திரும்பச் சுட்டாள். குறித்தாளில் குண்டு எங்கே பட்டது என்று ஒருமுறையும் பார்க்கவில்லை. போதும் என்று கிறிஸ்தோப்பர் இரண்டுதரம் சொல்லிப் பார்த்தார்.

பிறகு எழும்பி, மைதானத்து ஓரமிருந்த கழிவறைக்குப் போனாள். கண்ணாடி சிறிது, மூலை உடைந்தது. ஸ்வெற்றரின் கழுத்தை இழுத்துப் பார்த்தாள்.

சிவப்பு, காறையெலும்புக்குக் கீழே, நெஞ்சோரக் குழியில் இருந்தது.

தோளின் உச்சியில் ஒன்றுமில்லை. அவள் அங்கே விரலை வைத்தாள். லம்பேட்டின் காய்ப்பு அங்கேதான் இருந்தது. கழுத்தோரம், தடி ஏறும் மேட்டில். எண்ணெய் தேய்த்த கைக்கு மறக்குமா? அந்த ஆமிக்காரன் விரலை வைத்ததும் அங்கேதான். நாளெல்லாம் துவக்கோடு திரிந்தவன். அது உதைக்கிற இடம் தன் உடம்பில் எது என்று அறியாதவனா?

வெளியே வந்தபோது மூன்று துவக்குகளும் வாங்கில் வரிசையாகக் கிடந்தன. றெஜான் குண்டுகளை எடுத்துப் பெட்டியில் வைத்துவிட்டிருந்தான்.

"எதப்பா உதை குறைவு?" என்று கேட்டார் கிறிஸ்தோப்பர், பள்ளிக்கூடத்து முடிவைக் கேட்கிற பிள்ளையின் முகத்தோடு.

யோசெப்பின் கிட்ட இருந்ததைத் தூக்கினாள். சோங்கைத் தோளின் உச்சியில், கழுத்தோரமாக வைத்தாள். அது வழுக்கி முதுகுப்பக்கம் போனது. இழுத்தெடுத்து மறுபடி வைத்தாள்.

"நோ நோ, மதாம்," என்றான் றெஜான், தன் நெஞ்சோரக் குழியைத் தட்டிக் காட்டி. "இங்கே."

"தெரியும் எண்டு சொல்லுங்கோ அவருக்கு," என்றாள் கிறிஸ்தோப்பரிடம்.

வயலுக்கு அப்பால் வாத்துக்கூட்டமொன்று இரைச்சலோடு தெற்கே போய்க்கொண்டிருந்தது. அவள் துவக்கை மறுபடியும் அதே தோள்மேட்டில் தூக்கி வைத்தாள். அது நிற்கவில்லை.