வலாசிஸ் விட்டுவந்த கண்ணி

அலெக்சாந்திரியா துறைமுகத்து வாசலை யுத்தக் காலம் முழுக்கக் கூட்டிப் பெருக்கியது ‘தெஸ்பினா’ என்ற கிரேக்கக் கப்பல். அது இழுத்துப் போகும் கம்பி, கடலடியில் கட்டிவைத்த கண்ணிவெடியின் வடத்தை அறுக்கும். கண்ணி மேலே மிதந்து வரும். கப்பலின் குறிகாரன் ஸ்த்ராத்தி துப்பாக்கியால் அதன் வயிற்றைத் துளைப்பான். தண்ணீர் குடித்து முங்கிவிடும். மேலே நீட்டிக்கொண்டிருக்கும் கொம்பில் பட்டால்தான் ஆபத்து, வெடித்துவிடும். இரண்டு வருஷத்தில் நாற்பத்தொரு கண்ணி என்றது கப்பலின் பதிவேடு.

அதில் ஒன்று பொய், கண்ணுகளா. கேப்டன் ஃபொக்காஸ் காய்ச்சலில் கிடந்த ஒரு சாயங்காலம், மிதந்த இரண்டில் ஒன்றுதான் முங்கியது. “போதும், திருப்புங்க. எனக்கு ஊருக்குள்ள விருந்து இருக்கு” என்றான் துணை அதிகாரி லெஃப்டினன்ட் வலாசிஸ். ‘இரண்டும் மூழ்கின’ என்று எழுதியும் வைத்தான்.

மூன்றாம் நாள், விட்டுவந்த கண்ணியில் படகு மோதிச் செத்தான் ஸ்த்ராத்தியின் தம்பி யாக்குமி, கடற்பஞ்சு எடுக்கிறவன். விசாரணையில் ஸ்த்ராத்தியின் பேச்சு எடுபடவில்லை. தடுத்த இடத்துக்குத் திருட்டுத்தனமாகப் போன படகு என்று வலாசிஸ் சத்தியம் செய்தான். செத்தவனுக்குத் திருடன் என்ற பேர்.

ஆவணி வெயிலில் ஒரு காலை. சாய்ந்த மிதவையை நிமிர்த்த, வலாசிஸ் தனியாகச் சின்னப் படகில் போனான். படகின் இயந்திரம் நின்றது. அதே நேரம் வடம் அறுந்த ஒரு கண்ணி மேலே வந்து, அலையில் ஆடி ஆடி அவனை நோக்கி நகர்ந்தது.

“சுடுடா!” என்றார் கப்பல் தளத்தில் நின்ற ஃபொக்காஸ். இந்த அலையாட்டத்தில் கொம்பைத் தொடாமல் அடிக்க ஸ்த்ராத்தியை விட்டால் ஆளில்லை.

ஸ்த்ராத்தி குறிபார்த்தபடியே கத்தினான்: “லெஃப்டினன்ட் ஐயா! அன்னிக்கு எத்தனை முங்குச்சு?”

“பைத்தியமா உனக்கு? சுடு!” என்று படகிலிருந்து அலறினான் வலாசிஸ்.

“அவசரமா? இன்னிக்கும் விருந்தா?”

கண்ணி பத்து முழத்துக்கு வந்துவிட்டது.

“ஒண்ணு!” வலாசிஸின் குரல் கிழிந்தது. “ஒண்ணுதான்! இன்னொண்ண விட்டுட்டு வந்தேன்! உன் தம்பி திருடன் இல்ல! சுடுய்யா!”

“கேப்டன், கேட்டுச்சா?”

“கேட்டுச்சு. சுடு.”

மூன்று குண்டு. கண்ணி ஒருமுறை உருண்டு முங்கியது.

“உன்னக் காவல்ல வைக்கணும், தெரியுமில்ல?” என்றார் ஃபொக்காஸ்.

“வையுங்க. முதல்ல எழுதுங்க.”

அவர் பதிவேட்டின் பழைய பக்கத்தைப் புரட்டி, பொய்யை அடித்துவிட்டு, எல்லோருக்கும் கேட்க வாசித்துக்கொண்டே எழுதினார். தடுத்த இடம், திருட்டு என்றதையெல்லாம் மறுத்து, யாக்குமியின் பெயரையும் எழுதினார்.

படகை இழுத்து வந்தார்கள். கயிற்றேணியில் ஏறிய வலாசிஸுக்கு யாரும் கை கொடுக்கவில்லை. ஸ்த்ராத்தி மட்டும் குனிந்து, மணிக்கட்டை எலும்பு நொறுங்கப் பிடித்துத் தூக்கினான்.

“நன்றின்னு சொல்லிடாத,” என்றான் காதோரம். “செத்திருந்தா உன்னத் தியாகின்னு எழுதியிருப்பானுங்க. நீ இருந்து இத அனுபவிக்கணும்.”