எட்டாவது இடம்

சாஃப்ட்பால் என்பது கிரிக்கெட்டுக்கு ஒன்றுவிட்ட சொந்தம். முகஜாடை இருக்கும், குணம் வேறு. கிரிக்கெட்டில் பேட் பிடிக்கிறவர்களை முன்பின் மாற்றி அனுப்பினால் யாரும் கேட்கமாட்டார்கள். இங்கே அந்தப் பேச்சே கிடையாது. யாருக்குப் பிறகு யார் என்று ஒரு சீட்டில் எழுதி, ஆட்டம் தொடங்கும் முன் அம்பயரிடம் கொடுத்துவிட வேண்டும். அதற்குப் பிறகு அந்தச் சீட்டு சொல்வதுதான் சட்டம். வரிசை மாறி ஒருத்தி வந்து நின்றால் அம்பயர் பார்த்தும் பார்க்காத மாதிரி இருப்பார். கண்டுபிடிக்க வேண்டியது எதிரணி. அடுத்த பந்து வீசுவதற்குள் அவர்கள் சொல்லிவிட்டால், அடித்தது செல்லாது. சீட்டின்படி வந்திருக்க வேண்டியவள் அவுட்.

பன்னிரண்டு வயதுப் பெண்கள் விளையாடுவதற்கு இத்தனை சட்டமா என்று நானும் ஆரம்பத்தில் கிண்டல் செய்தேன். கிண்டல் செய்தவன் தலையிலேயே வேலையைக் கட்டினார்கள். நான் லிஃப்ட் பழுதுபார்க்கிறவன். கையெழுத்து முத்துமுத்தாக இருக்கும். அந்த ஒரே தகுதியில் எங்கள் அணிக்குச் சீட்டு எழுதுவதும் ஸ்கோர் எழுதுவதும் என் பொறுப்பாயின.

என் மகள் அந்த அணியில் ஒன்பதாவது, அதாவது கடைசி. சீசன் முழுக்க ஒரு பந்தைக்கூட உருப்படியாக அடித்ததில்லை. கூட விளையாடும் பெண்கள் அவளை 'ஒன்பது' என்றே கூப்பிட ஆரம்பித்திருந்தார்கள். சிரித்துக்கொண்டே திரும்பிப் பார்ப்பாள். வீட்டுக்கு வந்ததும் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு வெகுநேரம் தண்ணீரைத் திறந்துவிட்டிருப்பாள். அவள் ஒரே ஒரு தடவையாவது அடித்துவிட்டால் போதும் என்பதைத் தவிர எனக்கு அந்த விளையாட்டில் வேறு ஆசை இருந்ததில்லை. சாயங்காலம் வண்டி நிறுத்துமிடத்தில், பழைய காலுறைக்குள் பந்தைப் போட்டுக் கம்பியில் கட்டித் தொங்கவிட்டு அடித்துப் பழகுவாள். மாடியில் இருப்பவர் சத்தம் தாங்கவில்லை என்று இரண்டு தடவை வந்து சொல்லிவிட்டுப் போனார்.

அந்தச் சனிக்கிழமை கடைசி இன்னிங்ஸ். நாங்கள் ஒரு ரன் பின்னால். ஒருத்தி அவுட்; மூன்று அவுட் ஆனால் இன்னிங்ஸ் முடிந்தது. இன்னொருத்தி, ஓடிவந்து சேர்ந்தால் ஒரு ரன் என்ற நிலையில், கடைசிக்கு முந்தின நிறுத்தமான மூன்றாவது பேஸில் காத்திருந்தாள். என் மகள் போய் நின்றாள். எதிரணியில் வீசுகிற பெண் கையைக் காற்றாடியாகச் சுற்றி இடுப்புக்குக் கீழிருந்து விடுகிற பந்து கண்ணுக்கே சரியாகத் தெரியாது. முதல் பந்து போய்விட்டது. இரண்டாவதுக்கு 'டங்' என்று சத்தம் கேட்டது. பந்து இரண்டு பேருக்கு நடுவே புல்லில் ஓடியது. மூன்றாவது பேஸில் இருந்தவள் ஓடிவந்து சேர்ந்தாள், ஸ்கோர் சமம். என் மகள் முதல் பேஸில், ஹெல்மெட் ஒரு பக்கமாகச் சரிந்திருக்க, மூச்சு வாங்க நின்றாள்.

கம்பி வலைக்குப் பின்னால் ஒரே மேசையில்தான் இரண்டு அணியின் ஸ்கோர் எழுதுகிறவர்களும் உட்காருவோம். எதிரணிக்கு எழுதியவர் ஒரு நர்ஸ். இராப்பணி முடிந்து நேராக வந்திருந்தார்.

"யாருங்க சார் அடிச்சது? முதுகு நம்பர் தெரியல" என்றார்.

"எம்பொண்ணு, சிஸ்டர்" என்றேன். நெஞ்சு சட்டைப் பொத்தானுக்குள் அடங்கவில்லை. "எம்பொண்ணுதான் அடிச்சா."

அவர் நோட்டைப் பார்த்தார். சீட்டிலிருந்து அவர் எழுதிக்கொண்ட வரிசை அதில் இருந்தது. பிறகு என்னைப் பார்த்தார்.

"உங்க பொண்ணு ஒன்பதாவதுல்ல? எட்டாவது அந்த உயரமான பொண்ணு."

என் நோட்டைக் குனிந்து பார்த்தேன். அதிலும் அப்படித்தான் இருந்தது, முத்துமுத்தாக. எங்கள் பயிற்சியாளர் பஸ் ஓட்டுகிற ஓர் அம்மா; அவர் இந்த வார வரிசையைப் போனில் அனுப்பியிருந்தார். மேலே மூன்று பெயரைப் பார்த்தேன், போன வாரம் மாதிரியே இருந்தது. மிச்சத்தைப் பழைய சீட்டைப் பார்த்து எழுதிவிட்டேன். இப்போது போனை எடுத்துப் பார்த்தால் எட்டாவது இடத்தில் என் மகள் பெயர். முந்தின இன்னிங்ஸிலும் வரிசை மாறித்தான் ஆடியிருக்கிறார்கள். இரண்டு பேரும் அடுத்தடுத்து அவுட் ஆனதால் யாரும் கவனிக்கவில்லை.

"சொல்லாம விட்டுடட்டுமா?" என்று நர்ஸ் மெதுவாகக் கேட்டார்.

அவர் அப்படிக் கேட்டிருக்கக் கூடாது. ஆமாம் என்று சொல்ல வாய் வரை வந்தது. அதற்குள் நாங்கள் இரண்டு பேரும் நோட்டில் தலையைக் கவிழ்த்திருப்பதை அவர்கள் பயிற்சியாளர் பார்த்துவிட்டார்.

"என்னக்கா, வரிசைல எதாவது பிரச்சினையா?"

நர்ஸ் என்னை ஒரு தடவை பார்த்துவிட்டுச் சொல்லிவிட்டார். அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை என்றால் பொய். ஆனால் என் மேல் வந்த கோபத்தில் கால்வாசிகூட இல்லை.

அம்பயர் சீட்டை எடுத்துப் பார்த்தார். ஓடி வந்தவள் மூன்றாவது பேஸுக்கே திரும்பினாள். பெஞ்சில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த உயரமான பெண், குடித்த வாய் குடித்தபடி அவுட். எட்டாவது அவுட் என்றால் அடுத்து வர வேண்டியது ஒன்பதாவது. சீட்டின்படி ஒன்பதாவது என் மகள். இப்போது அடித்தவளே மறுபடியும் வந்து அடிக்க வேண்டும்.

"நான் என்ன தப்பு பண்ணேன்?" என்று அம்பயரிடம் கேட்டாள்.

"நீ ஒண்ணும் பண்ணலம்மா. சீட்டுல அப்படி இருக்கு."

சீட்டு யார் எழுதுவது என்று அவளுக்குத் தெரியும். கம்பி வலைக்குப் பின்னால் என்னைத் தேடிப் பார்த்தாள். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

ஆனால் அவள் நின்ற நிற்பு மாறியிருந்தது. முதல் பந்தையே அடித்தாள், முன்னதைவிட ஓங்கி. அது நேராக மூன்றாவது பேஸைக் காத்து நின்ற எதிரணிப் பெண்ணின் கையுறைக்குள் போய் உட்கார்ந்தது. மூன்றாவது அவுட். ஒரு ரன்னில் தோற்று ஆட்டம் முடிந்தது.

"ஒன்பது, செமயா அடிச்சடி" என்று உயரமான பெண் அவள் தோளில் தட்டினாள். எங்கள் பயிற்சியாளர், "விடுங்க சார், நானும் சீட்ட வாங்கிப் பாத்திருக்கணும்" என்றார். அது எனக்கு ஆறுதலாக இல்லை.

வண்டி நிறுத்திய இடத்துக்கு நடந்தோம். பையை நான் தூக்கிக்கொண்டேன்.

"கைத்தவறா நடந்துடுச்சும்மா" என்றேன்.

"வியாழக்கிழமை சொன்னேனேப்பா, இந்த வாரம் நான் எட்டாவதுன்னு. வாஷிங் மெஷினை ரிப்பேர் பண்ணிட்டு அதுக்குப் பின்னாடி உக்காந்திருந்தீங்க. 'ம்'னு சொன்னீங்க."

சொல்லியிருப்பாள். சொன்னபோது அவள் முகம் எப்படி இருந்திருக்கும் என்று யோசித்தேன். நான் பார்க்கவில்லை, மெஷினைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவளிடம் பொய் சொல்ல அதற்குமேல் மனசு வரவில்லை.

"நீ மேல வருவேன்னு நான் நினைக்கவே இல்லம்மா. அதான் கை பழையபடியே எழுதிடுச்சு."

கொஞ்ச தூரம் நடந்தாள்.

"நானும்தான் நினைக்கல" என்றாள். "கோச்தான் நினைச்சாங்க."

பிறகு நின்று, என் சட்டைப் பையிலிருந்து பேனாவை உருவினாள்.

"அடுத்த வாரத்துலேர்ந்து சீட்ட நான் எழுதறேன்."

சரி என்றேன். இந்தத் தடவை அவள் முகத்தைப் பார்த்துச் சொன்னேன்.