பாறை ஏறுகிற வண்டி

"ஸ்டூலு ஆடும், பாத்து ஏறு சாமி!" என்று வாசலிலிருந்து கத்தினார் சித்தப்பா ஜெயபிரகாஷ்.

மேனகா அதற்குள் ஏறிவிட்டிருந்தாள். பீரோவுக்கு மேலே, பழைய சூட்கேசுக்கும் மிக்ஸி வந்த அட்டைப்பெட்டிக்கும் நடுவில், பூப்போட்ட துண்டு ஒன்றைப் போர்த்திக்கொண்டு அந்த ரிமோட் வண்டி உட்கார்ந்திருந்தது. வெளியே அவளுடைய அப்பா ஐயாக்கண்ணுவைக் கடைசியாகக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்கள். தண்ணீர் ஊற்றுகிற சத்தம் கேட்டது.

"கெடைச்சுதா?"

"இருக்குதுங்க சித்தப்பா."

"எறக்கிக் கொண்டா. அண்ணங்கூட வெச்சு அனுப்பிரலாம். மழை வர்றாப்புல இருக்குது."

போகிறவருக்குப் பிடித்த பொருள் ஒன்றைக் கூடவே குழிக்குள் வைப்பது அந்தக் குடும்பத்து வழக்கம். ஐயாக்கண்ணுவின் மாமன் ஒருவரோடு அவருடைய ரேடியோ போனது. அணைக்க மறந்துவிட்டார்களாம். பேட்டரி தீரும்வரை மண்ணுக்கடியிலிருந்து மாநிலச் செய்தி கேட்டதென்றும், பக்கத்துக் குழிக்காரர்கள் தூக்கம் கெடுகிறது என்று கனவில் வந்து புகார் சொன்னார்களென்றும் இன்றைக்கும் ஊரில் சத்தியம் செய்வார்கள். ஐயாக்கண்ணுவோடு எதை அனுப்புவது என்பதில் ஒருவருக்கும் சந்தேகமில்லை. மகள் பெங்களூரிலிருந்து வாங்கி அனுப்பிய வண்டிதான்.

மேனகாவுக்கும் சந்தேகமில்லை. செய்தி வந்ததிலிருந்து அவள் அந்த ஒன்றைத்தான் பிடித்துக்கொண்டிருந்தாள். பொங்கலுக்கு வரவில்லை. சேர்வராயன் கோயில் திருவிழாவுக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டு அதற்கும் வரவில்லை. ஆனால் அந்த வண்டி. அப்பா கேட்டு, அவள் வாங்கிக் கொடுத்து, அவர் சந்தோஷப்பட்டது என்று ஒன்றாவது இருந்தது. பஸ் ஜன்னலில் தலையைச் சாய்த்தபடி வழியெல்லாம் அதையே நினைத்துக்கொண்டு வந்தாள்.

ஐயாக்கண்ணு ஏற்காட்டு மலையில் ஜீப் ஓட்டினவர். ஓட்டினார் என்று சொன்னால் அவரோடு பயணம் செய்தவர்கள் சண்டைக்கு வருவார்கள். குப்பனூரில் முட்டையை ஏற்றினால் மாரமங்கலத்தில் குஞ்சுதான் இறங்கும் என்பார்கள். ஏற்றும்போது பச்சையாக இருந்த வாழைத்தார், இறக்கும்போது மணம் பரப்பும். பிரசவத்துக்குப் போகிற பெண்கள் குலுங்காது என்பதற்காக அவர் ஜீப்பைத்தான் கேட்பார்கள். அவர்களில் சிலர் வழியிலேயே பெற்று, பெயரும் வைத்து, ஆஸ்பத்திரிக்கு நடந்தே உள்ளே போனார்கள் என்பது வேறு விஷயம். முதல் கியருக்கு மேலே ஒரு கியர் இருப்பதை அவரிடம் யாரும் சொல்லவில்லை என்று ஒரு கட்சி. சொல்லியும் அவர் நம்பவில்லை என்று இன்னொரு கட்சி.

பன்னிரண்டாம் வகுப்பில் வேதியியல் செய்முறைத் தேர்வு அன்று ஒரே பனிமூட்டம். மேனகா அப்பாவின் ஜீப்பில் ஏறினாள். "வேகமாப் போங்கப்பா, வேகமாப் போங்கப்பா" என்று பாதி வழி அழுதாள். மீதி வழிக்கு அவள் ஜீப்பில் இல்லை. குதித்து இறங்கி, பையை மார்போடு அணைத்து ஓடத் தொடங்கிவிட்டாள். ஜீப் பள்ளிக்கு வந்து சேர்ந்தபோது அவள் உப்பு எதுவென்று கண்டுபிடித்து எழுதியே முடித்திருந்தாள். தோழிகள் ஜன்னலில் கூடி நின்று ஜீப்புக்குக் கை தட்டினார்கள். ஐயாக்கண்ணு தனக்குத்தான் தட்டுகிறார்கள் என்று சிரித்துக் கும்பிட்டார். மேனகா மேஜைக்குக் கீழே போய்விடலாமா என்று பார்த்தாள். அன்றைக்கு ஓடத் தொடங்கியவள் பெங்களூரில் போய்த்தான் நின்றாள்.

அந்த அப்பா போன வருஷம் ஒருநாள் போன் செய்தார். குரலில் அப்படி ஒரு பரபரப்பை அவள் கேட்டதேயில்லை.

"கண்ணு, பகோடா பாயின்ட்ல ஒருத்தரு ரிமோட்டு வண்டி உட்டாரு. இத்தனூண்டு. பாறை மேல ஏறுது கண்ணு! ஒவ்வொரு சக்கரத்தையும் யோசன பண்ணிப் பண்ணி வெக்குது. சறுக்குனா நிக்குது. கொஞ்சம் பின்னால வருது. அப்பறம் வேற பக்கமா வெக்குது. மனுசனாட்டம்!"

அவர் கூட்டிப்போன சுற்றுலாக்காரர்கள் ஊரெல்லாம் பார்த்து, மிளகு வாங்கி, படம் பிடித்துத் திரும்பியும் அவர் அந்தப் பாறையை விட்டு நகரவில்லையாம்.

"உங்களுக்கு ஒண்ணு வாங்கித் தரட்டுங்களாப்பா?"

"எனக்கெதுக்கு கண்ணு, சின்னப் புள்ளயா நானு?" என்றவர் மூச்சு விடாமல், "நொம்ப வெலையா இருக்குமா?" என்றார்.

மேனகா கம்பெனிக்குப் பொருள் கொள்முதல் செய்கிற வேலையில் இருப்பவள். குண்டூசி வாங்குவதென்றாலும் உலகத்துக் குண்டூசிகளையெல்லாம் வரிசையில் நிறுத்திக் கேள்வி கேட்டுவிட்டுத்தான் வாங்குவாள். இதையும் அப்படியே எடுத்துக்கொண்டாள். பாகம் பாகமாக வாங்கிப் பூட்டுகிற வண்டி அப்பாவுக்கு ஆகாது. ரிமோட், பேட்டரி, சார்ஜர் எல்லாமே உள்ளே இருந்து, பெட்டியைப் பிரித்ததும் ஓட்டுகிற வண்டியாக வேண்டும். டயர் எப்படி, மோட்டார் எப்படி, ஈரத்தில் நிற்குமா, உடைந்தால் பாகம் கிடைக்குமா என்று ஆராய்ந்து ஆராய்ந்து, தேடலை இரண்டு வண்டியில் கொண்டுவந்து நிறுத்தினாள். வீடியோ காலில் இரண்டையும் காட்டினாள்.

"இதுதான் நீங்க பாத்த மாதிரி. பாறை ஏறுறது. ஆனா வேகமே இல்லீங்கப்பா, மனுசன் நடக்குற வேகம்தான். அதே வெலைக்கு இதப் பாருங்க. மணிக்கு அறுபது கிலோமீட்டர் போகும்! தாவும். குட்டிக்கரணம் போட்டு எந்திரிச்சு நிக்கும்."

"அது பாறை ஏறுமா கண்ணு?"

"பாறையத் தாண்டியே போயிரும்ப்பா."

அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, போனை மூக்கோடு வைத்துப் பார்த்தார்.

"இந்தப் பழுப்புக் கலருச் சின்னது..."

"அப்பா! ஆயுசு பூரா நடக்குற வேகத்துலதான ஓட்டுனீங்க? ஒரு தடவையாச்சும் வேகமாப் போய்ப் பாருங்க."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். அவரும் சிரித்தார்.

"உனக்குத் தெரியாததா கண்ணு. நீயே பாத்து எடு."

மேனகா தாவுகிற பச்சை வண்டியை வாங்கி அனுப்பினாள். அதற்குப் பிறகு பேசும்போதெல்லாம் அவள் கேட்பாள், "வண்டி எப்படீங்கப்பா ஓடுது?" அவர் சொல்லுவார், "சும்மா பறக்குது கண்ணு! நேத்துக் கோயில் மேட்டுல உட்டேன். ஒரு கொரங்கு மரத்துல இருந்து எறங்கி வந்து கும்புட்டுட்டுப் போகுது!"

மேனகா வண்டியைக் கட்டில்மேல் வைத்துத் துண்டை எடுத்தாள். டயர்களில் பூவே இல்லை, மொட்டைத்தலையாகத் தேய்ந்திருந்தன. அடிப்பாகம் முழுக்கக் கீறல். பச்சை நிறம் பாதி உரிந்துபோயிருந்தது. முன்பக்க பம்பரில் ஒரு முழம் சணல் கயிறு தொங்கிக்கொண்டிருந்தது. மேலே ஏற்றுவதற்காகக் கட்டியது போலும் என்று நினைத்தாள். வந்ததிலிருந்து வராத அழுகை அந்த டயரைப் பார்த்ததும் வந்தது. ஓட்டியிருக்கிறார். தேயத் தேய ஓட்டியிருக்கிறார்.

ரிமோட்டையும் கூடவே வைக்கலாம் என்று தேடினாள். பீரோவின் அடித்தட்டில், வண்டி வந்த அட்டைப்பெட்டிக்குள்ளேயே அது இருந்தது. மேலே ஒட்டிய கண்ணாடித்தாள் உரிக்கப்படவில்லை. வண்டியின் பேட்டரி உறை பிரிக்காமல் கிடந்தது. சார்ஜர் ஒயரைச் சுற்றிய கம்பிகூட அவிழ்க்காமல் அப்படியே.

அவள் டயரைப் பார்த்தாள். ரிமோட்டைப் பார்த்தாள். மறுபடியும் டயரைப் பார்த்தாள்.

புது வேட்டியை எடுப்பதற்காக மரியஅந்தோணி உள்ளே வந்தார். எஸ்டேட் லாரி டிரைவர். அப்பாவுக்குச் சின்ன வயதிலிருந்து கூட்டாளி. அவர் லாரி போனபிறகு சத்தம் தனியாகப் பின்னால் வரும் என்று பேர் வாங்கினவர். முகம் அழுது வீங்கியிருந்தது.

"மத்தியானம் சோறு தின்னுட்டுப் படுத்தான், எந்திரிக்கல. அவன் வேகமாப் பண்ணுன ஒரே காரியம் இதுதான் பாப்பா."

"மாமா, இத அப்பா எப்படீங்க ஓட்டுனாரு?"

அந்தோணி வேட்டியைத் தேடுவதைப் போலக் கொடியைப் பார்த்தார். வேட்டி அவர் கையில்தான் இருந்தது.

"ஓட்டுனான்... நல்லாத்தான் ஓட்டுனான்."

"ரிமோட்டப் பிரிக்கவே இல்லீங்க மாமா."

அவர் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தார்.

"மோட்டாரை நாந்தான் தள்ளி வெச்சுக் குடுத்தேன். பல்லோட பல்லு படாம. நியூட்ரலாட்டம். அப்பத்தான் சக்கரம் லேசா உருளும். கயித்தக் கட்டி ஊட்டுக்குப் பின்னால பாறைக்கு இழுத்துட்டுப் போவான்."

"இழுத்துட்டா?"

"ஒரு சாண் இழுப்பான், நிப்பான். குனிஞ்சு எந்தச் சக்கரம் எங்க நிக்குதுன்னு பாப்பான். மறுக்கா ஒரு சாண். ஒரு பாறை ஏறுறதுக்குள்ள எனக்கு ரெண்டு பொறப்பு முடிஞ்சிரும் பாப்பா. ஏன்டா கெழட்டுப்பயலே, பேட்டரிய மாட்டி அமுக்குனா பறக்குமேடான்னு கேட்டேன். 'பறக்கறது எனக்கெதுக்குடா'ன்னான்."

மேனகா சணல் கயிற்றைக் கையில் எடுத்தாள்.

"புள்ளைக்குச் சொல்லிப்போடாத, ஆசையாப் பாத்துப் பாத்து எடுத்துருக்குதுன்னான். நானும் சொல்லல. இப்பச் சொல்லிப்போட்டேன்." அவர் வேட்டியால் மூக்கைத் துடைக்கப் போய், நினைவு வந்து தோள் துண்டை எடுத்தார். "இருந்திருந்தா எந்திரிச்சு வந்து என்னை அடிச்சிருப்பான். மெதுவா."

வாசலில் ஐயாக்கண்ணுவை நீட்டிப் படுக்க வைத்திருந்தார்கள். தலைமாட்டில் அம்மா கண்ணாயி. மேனகா வெறுங்கையோடு வந்து நின்றாள். வண்டி அந்தோணியின் கையில் இருந்தது.

"கொண்டாங்க, கொண்டாங்க" என்றார் சித்தப்பா. "பேட்டரியக் கழட்டியாச்சுங்களா? ஆன் ஆகி, பொழுதுக்குள்ள குழிய உட்டு மேல ஏறி வந்துரப்போகுது!"

நாலைந்து பேர் சிரித்தார்கள். சாவு வீட்டில் சிரிக்கக் கிடைப்பதை யாரும் விடுவதில்லை.

"வேண்டாங்க சித்தப்பா" என்றாள் மேனகா. "அது அப்பாவுக்குப் புடிச்சதில்ல."

சிரிப்பு நின்றது.

"என்ன சாமி சொல்ற? ஊருக்கே காட்டுனாரே?"

"அவரு கேட்டது வேறங்க. நாந்தான் இத எடுத்தேன்."

சித்தப்பா வானத்தைப் பார்த்தார். கண்ணாயி தலையைத் தூக்காமல் கணவரின் காதோரத்து ஈரத்தைச் சேலைத் தலைப்பால் ஒற்றினாள்.

"வெய்யி கண்ணு."

"அம்மா, உனக்குத் தெரியுமா? அது..."

"தெரியாமயா இருப்பேன்? தெனமும் பல்லு வெளக்குனதும் அதத்தான் கையில எடுப்பாரு. மழைன்னாலும் எடுப்பாரு." அவள் தலைப்பைப் பிழிந்தாள். "நீ அனுப்புனது. வெய்யி."

பிடித்திருந்தது என்று அம்மா சொல்லவில்லை. மேனகா காத்திருந்து பார்த்தாள். அம்மா அதைச் சொல்லவேயில்லை.

அந்தோணியிடமிருந்து வண்டியை வாங்கி, அப்பாவின் கையருகே வைத்தாள். கயிற்றை அவிழ்க்கக் குனிந்தார் சித்தப்பா.

"அது இருக்கட்டுங்க" என்றாள்.

பாடையைத் தூக்கும்போது மேகம் கூரைமேல் இறங்கியிருந்தது. இடுகாடு ரோட்டோடு மேலே ஏறிப் போகிற வழியில் இருந்தது. பெண்கள் முதல் வளைவு வரைக்கும் போவார்கள். தூக்கினவர்கள் இளவட்டங்கள். "எட்டி வெய்யிங்கப்பா, குழில தண்ணி நின்னுரும்" என்று சித்தப்பா விரட்ட, அவர்கள் ஏறக்குறைய ஓடினார்கள். பாடை குலுங்கியது. மாலையிலிருந்து சாமந்தி உதிர்ந்து ரோடெல்லாம் சிதறியது. அப்பாவின் தலை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடியது.

"மெதுவா" என்றாள் மேனகா. பறைச் சத்தத்தில் அது யாருக்கும் கேட்கவில்லை.

"மெதுவாப் போங்க!"

தொண்டை கிழியக் கத்தியதில் பறைகூட ஒரு கணம் நின்றது. தூக்கினவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அந்தோணி முன்னால் போய், ஒருவன் தோளில் கையை வைத்து என்னவோ சொன்னார். அதற்குப்பிறகு அவர்கள் காலைப் பார்த்து வைத்து நடந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை. கீழேயிருந்து வந்த கார்கள் பின்னால் சேரத் தொடங்கின. ஒன்று, இரண்டு, வேன், இன்னொரு வேன். அன்றைக்கு நின்ற வரிசையின் வால் குப்பனூர் தாண்டி அயோத்தியாப்பட்டணத்தில் கிடந்தது என்றும், அங்கே நின்றவர்கள் ஏற்காடு பார்க்காமலேயே பார்த்த மாதிரி வீடு திரும்பினார்கள் என்றும் பிறகு பேசிக்கொண்டார்கள். யாரோ ஒருவர் ஹாரன் அடித்து, உடனே நிறுத்தினார்.

வளைவில் பெண்கள் நின்றுவிட்டார்கள். கண்ணாயியைத் தாங்கிப் பிடித்துக்கொண்டார்கள். பாடை வளைவைச் சுற்றி மேலே ஏறியது. அப்போது வரிசையிலிருந்து சிவப்புக் கார் ஒன்று வலப்பக்கம் விலகி, முந்திப் போக முண்டியது. மேனகா ரோட்டுக்கு நடுவில் போய் நின்று கையை நீட்டினாள்.

கண்ணாடி இறங்கியது. ஓட்டிவந்தவனுக்கு அவள் வயதுதான் இருக்கும்.

"அக்கா, நாங்க ஓரமாப் போயிக்கிறோம். ரூம் புக் பண்ணிருக்கோம். இன்னும் எவ்ளோ நேரம் ஆகும்?"

மேனகா திரும்பி மேலே பார்த்தாள். மேகத்துக்குள் நாலு தோள்கள் தெரிந்தன. செங்குத்தான இடம். ஒருவன் காலை வைத்தான், எடுத்தான், வேறு இடத்தில் வைத்தான்.

"ஏறட்டுங்க" என்றாள்.

தூறல் விழுந்தது. காரின் வைப்பர் ஒருமுறை கண்ணாடியைத் துடைத்துவிட்டு நின்றது. அவள் கையை இறக்கவில்லை.