வாலுக்குள் ஒரு சத்தம்

அமெரிக்காவின் விஸ்கான்சினில் பனி கொட்டிய ஒரு சனிக்கிழமைக் காலை. பால்கட்டி ஆலையில் இரவு வேலையை முடித்துவிட்டு நேரே பக்கத்து வீட்டு ஆரினின் கராஜுக்குப் போனேன். அவர் கட்டிக்கொண்டிருக்கும் விமானத்தின் வால் பகுதியை இருவருமாகப் புரட்டியபோது, உள்ளே ஏதோ உருண்டு தகட்டில் முட்டியது.

"உள்ள ஏதோ கெடக்கு," என்றேன் உரக்க.

"ஒண்ணும் கெடக்கல. தூக்கக் கலக்கத்துல உளறாத, புரொபசர்."

பொறியியல் படிப்பைப் பாதியில் விட்டவன் நான். அதற்காக அவர் வைத்த பெயர் அது.

பெட்டிகளில் பாகங்களாக வந்த, இருவர் அமரும் சின்ன விமானம். அதற்கு இடம்விட்டு அவருடைய ட்ரக் இரண்டு குளிர்காலமாக வெளியே நிற்கிறது. மேல் தகட்டைப் புதன்கிழமைதான் ரிவெட் ஆணிகள் அடித்து மூடினோம். திறப்பதென்றால் ஒவ்வொரு ரிவெட்டையும் ட்ரில்லால் குடைந்து எடுக்க வேண்டும். கை நழுவினால் தகடு வீண். திறக்காவிட்டால், பறக்கும்போது அந்தப் பொருள் வால் சிறகை அசைக்கும் தண்டில் சிக்கலாம். சோதனைப் பறப்பு முடிந்ததும் பக்கத்து இருக்கை எனக்கென்று பேச்சு.

அவர் மனைவி மார்வா காபியோடு வந்தார். வாலை ஆட்டிக் காட்டினேன்.

"நல்லாவே கேக்குதே," என்றார்.

"ரெண்டு பேரும் பேசி வச்சிருக்கீங்க."

வாலின் அகன்ற வாய் வழியாக இடுப்புவரை நுழைந்தேன். ஆரின் என் கணுக்காலைப் பிடித்துக்கொண்டார். தகட்டைத் தாங்கும் ஒரு சட்டத்தின் மூலையில் விரலுக்கு ஏதோ தட்டுப்பட்டது. வெளியே வந்து கையை விரித்தேன். ஆரினின் காதுக் கருவி.

ரிவெட் சத்தத்துக்காகக் கழற்றிச் சட்டத்தின் விளிம்பில் வைத்தவர், தகட்டை மூடும்போது எடுக்க மறந்திருக்கிறார்.

"அப்ப புதன்கிழமையிலேருந்து நான் சொன்னதுக்கெல்லாம் எதுக்குத் தலையாட்டின?" என்று குரலை உயர்த்தினார் மார்வா.

"எதுக்கு வம்புன்னுதான்."

"எங்க அக்கா ஒரு மாசம் வந்து தங்கட்டுமான்னு கேட்டேன். அதுக்கும் ஆட்டின."

ஆரின் கருவியைத் துடைத்துக் காதில் மாட்டிக்கொண்டு என்னைப் பார்த்தார். "இப்ப வால ஆட்டு."

ஆட்டினேன். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. அவர் தலையைச் சாய்த்தார்.

"இன்னொண்ணு இருக்கு. ரொம்பச் சின்னது. கடைசிச் சட்டத்துக்கு அந்தப் பக்கம்."

"எங்களுக்குக் கேக்கலையே, ஆரின்," என்றார் மார்வா.

"உங்களுக்குக் காது மந்தம்."

அங்கே என் கை எட்டாது. ஒன்றுமே இல்லையென்று சாதித்த மனிதர் தானே போய் ட்ரில்லை எடுத்துவந்தார். காதுக் கருவியைக் கழற்றவில்லை. நாலாவது ரிவெட்டில் துளை கோணி, தகட்டின் ஓரம் கிழிந்தது. அவர் நிறுத்தவில்லை. போதுமான இடம் கிடைத்ததும் தகட்டைத் தூக்கி விரலை விட்டுத் துழாவினார்.

உடைந்த ரிவெட் முனை. அரை அரிசி அளவு. தண்டு நுழையும் துளையின் வாயிலேயே கிடந்திருக்கிறது.

புதுத் தகடு வரவழைக்க வேண்டும். ட்ரக் இன்னும் ஒரு குளிர்காலம் வெளியேதான். மறுபடி ஆட்டச் சொன்னார். மூவரும் மூச்சை அடக்கிக் கேட்டோம்.

"இப்ப இல்ல," என்றார் ஆரின். பிறகு மார்வா பக்கம் திரும்பினார். "உங்க அக்கா எப்ப வர்றாங்க?"